படத்தில் ஒளிந்து வரும் ஒற்றன்

ஆலைத் தொழிலாளியின் சட்டைப் பையிலும் விவசாயத் தொழிலாளியின் மடியிலும் இன்று செல்போன் இருக்கிறது. "கூலிக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேலி பேசும் கனவான்கள் இன்னும் இருக்கவே செய்கிறார்கள். ஆனால் தொழிலாளர்கள் அந்தக் கருவியை ஆசைக்காக மட்டும் வாங்கவில்லை. வாங்கியாக வேண்டிய நிலைமைக்குத் தள்ளப்பட்டார்கள். கூலி வங்கிக் கணக்கில் விழுந்ததா என்று பார்க்க அது வேண்டும். பிராவிடண்ட் பண்டு கணக்கைத் தெரிந்துகொள்ள அது வேண்டும். நூறு நாள் வேலைத் தளங்களில் தொழிலாளர்களைத் தினம் இரண்டு தடவை படம் பிடித்து, செல்போன் மூலம் அனுப்பினால்தான் ஆஜர் பதிவாகும் என்று 2023 ஜனவரி 1 முதல் மத்திய சர்க்கார் நாடெங்கும் கட்டாயமாக்கியது.

சங்கத்தின் கூட்ட அறிவிப்பு, வேலைநிறுத்த நோட்டீஸ், ஊர்வலத்தில் எடுத்த போட்டோ, ஊரிலிருக்கும் பேரப்பிள்ளையின் முகம் ஆகிய அனைத்தும் இன்று படமாகவே கைக்குக் கை போகின்றன.

அப்படி வரும் படம் ஒன்றே ஒற்றனாகி, போனுக்குள் புகுந்து, பேசுவதைக் கேட்டு, எழுதியதைப் படித்து, எங்கோ இருக்கும் எஜமானனுக்குச் சேதி அனுப்ப முடியும் என்றால் பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் இது கட்டுக்கதையல்ல. 2021லும் 2023லும் 2025லும் நிபுணர்கள் ஆதாரங்களோடு வெளியிட்ட உண்மை. இதைப் "படித்தவர்கள் சமாசாரம்" என்று தொழிலாளி வர்க்கம் ஒதுக்கிவிட முடியாது. ஏன் முடியாது என்பதை இந்த வாரம் விளக்க விரும்புகிறோம்.

குமாஸ்தாவும் பார்சலும்

நாம் கண்ணால் காணும் படம், போனுக்குள் வரும்போது படமாக வருவதில்லை. எண்களின் நீண்ட வரிசையாக வருகிறது. "இதன் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, நிறங்கள் இன்ன விதத்தில் சுருக்கப்பட்டிருக்கின்றன" என்று முதலில் ஒரு சீட்டு. அதன் பின்னே சரக்கு. போனை நடத்திவைக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். ஆப்பிள் கம்பெனியின் ஐஓஎஸ், கூகுள் கம்பெனியின் ஆண்ட்ராய்டு, கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் ஆகியவை இத்தகையவை. படங்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே இயங்குதளத்துக்குள் ஒரு பகுதி உண்டு. வெளியிலிருந்து வரும் பார்சல்களை எல்லாம் பிரிப்பதற்கு ஆலையின் உள்ளே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா என்று அதை வைத்துக்கொள்ளலாம்.

குமாஸ்தா சீட்டைப் படிக்கிறார். பத்து மூட்டை என்று எழுதியிருந்தால் பத்து மூட்டைக்கு இடம் ஒதுக்குகிறார். பிறகு சரக்கை இறக்குகிறார். சீட்டில் எழுதியதும் வண்டியில் வந்ததும் ஒன்றுதானா என்று எண்ணிப் பார்த்து இறக்கினால் வம்பில்லை. எண்ணாமல் இறக்கினால் என்ன ஆகும்? சீட்டில் பத்து என்று எழுதி, வண்டியில் நூறு மூட்டை அனுப்பியவன் வஞ்சகனாக இருந்தால், மிச்சமுள்ள தொண்ணூறு மூட்டையும் பக்கத்து அறைக்குள் போய் விழும். அந்தப் பக்கத்து அறையில்தான் உத்தரவுப் புத்தகம் இருக்கிறது. அதன் மேல் விழும் சரக்கு பழைய உத்தரவை அழித்துப் புதிய உத்தரவை எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு போன் கேட்பது சொந்தக்காரர் சொல்லையல்ல. பார்சல் அனுப்பியவன் சொல்லை.

இதிலே இன்னொரு மோசமும் உண்டு. செய்தி வந்தவுடனே படத்தைச் சிறிய உருவில் காட்டுவதற்காக, நாம் தொடுவதற்கு முன்பே குமாஸ்தா பார்சலைப் பிரித்துவிடுகிறார். ஆகவே "தெரியாதவன் அனுப்பிய லிங்கைத் தொடாதே" என்ற வழக்கமான உபதேசம் இங்கே செல்லாது. போனுக்குச் சொந்தக்காரர் தூங்கிக்கொண்டிருந்தாலும் காரியம் முடிந்துவிடும்.

பழைய வியாதி

இந்த வியாதி நேற்று வந்ததல்ல. ஜேபெக் படங்களைப் படிக்கும் பகுதியில் இத்தகைய ஓட்டை இருப்பதை ஒப்புக்கொண்டு 2004 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் அதை அடைத்தது. 2005 டிசம்பர் கடைசியில் அதைவிடப் பெரிய ஓட்டை வெளியே வந்தது. டபிள்யூஎம்எஃப் என்ற பழைய வகைப் படத்தில், அச்சடிப்பதை நிறுத்த நேரிட்டால் செய்ய வேண்டிய கட்டளையைப் படத்துக்குள்ளேயே வைக்க இடம் விட்டிருந்தார்கள். 1990 வாக்கில் ஏற்பட்ட அந்த ஏற்பாட்டைப் பதினைந்து வருஷம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருட்டுக் கூட்டங்கள் அதைக் கண்டுகொண்டன. இணையப் பக்கத்தில் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கம்ப்யூட்டர்கள் அவர்கள் கைக்குப் போயின.

கம்பெனி என்ன செய்தது? 2006 ஜனவரி 10ந் தேதி அடைப்போம் என்று நாள் குறித்தது. கூக்குரல் எழுந்த பிறகு ஜனவரி 5ந் தேதி வெளியிட்டது. ஆனால் அதற்கு முன்பே இல்ஃபாக் கில்ஃபானவ் என்ற நிபுணர் தற்காலிக அடைப்பு ஒன்றைத் தாமே எழுதி, டிசம்பர் 31ந் தேதியன்றே உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மனிதரின் உழைப்பு லட்சக்கணக்கானவர்களுக்கு அரணாக நின்றது. இதை நாம் மறக்கக் கூடாது.

மீட்டர் சைபருக்குத் திரும்பிய கதை

2021ல் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கனடாவில் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் என்ற ஆராய்ச்சிக் குழு, சவுதி அரேபியாவைச் சேர்ந்த மக்கள் ஊழியர் ஒருவரின் ஐபோனைச் சோதித்தது. அதில் ஜிஃப் என்ற வகைப் படங்களைப் போலப் பெயரிட்ட சில பைல்கள் கிடைத்தன. பெயர்தான் ஜிஃப். உள்ளே இருந்ததோ பிடிஎஃப் என்ற வேறு வகைச் சரக்கு. குமாஸ்தா மேலட்டையில் எழுதியிருந்த பெயரைப் பார்க்கவில்லை. உள்ளே இருப்பது என்ன வகை என்று தாமே ஊகித்து, அதற்குரிய இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அந்தப் பிடிஎஃபுக்குள் ஜேபிக்-2 என்ற முறையில் சுருக்கிய படம் இருந்தது. ஸ்கேன் செய்த காகிதங்களையும் பேக்ஸ் செய்திகளையும் சிறிதாக்குவதற்கென்று முன்பு ஏற்பட்ட முறை இது. இதைப் படிக்கும் பகுதியில்தான் ஓட்டை. ரிங் பிரேமில் ஹாங்க் மீட்டர் பார்க்கும் தோழர்களுக்கு இந்த ஓட்டை சட்டென்று விளங்கும். நான்கு இலக்க மீட்டர் 9999 வரை ஓடும். அடுத்த சுற்றில் 0000 என்று வந்து நிற்கும். நூல் ஓடியது என்னவோ ஓடியதுதான். மீட்டர்தான் சைபர் காட்டுகிறது. அது போலவே, படத்துக்குள் இருக்கும் எழுத்துருக்களை எண்ணும் மீட்டர் 4,29,49,67,295 வரைதான் எண்ணும். அதற்கு மேல் போனால் சைபரிலிருந்து மீண்டும் துவங்கும். ஒற்றர்கள் வேண்டுமென்றே அதைச் சுற்றிவிட்டார்கள். மீட்டர் சின்ன எண்ணைக் காட்டியது; சின்ன இடம் ஒதுக்கப்பட்டது; பெரிய சரக்கு இறங்கியது.

உள்ளே நுழைந்த பிறகு அவர்கள் செய்த வேலை நிபுணர்களையே திடுக்கிட வைத்தது. 70,000க்கும் மேற்பட்ட படக் கட்டளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தப் படத்துக்குள்ளேயே கூட்டவும் ஒப்பிடவும் தெரிந்த ஒரு சிறு கம்ப்யூட்டரைக் கட்டிவிட்டார்கள். கூகுளில் பணிபுரியும் புராஜெக்ட் ஜீரோ குழு 2021 டிசம்பரில் இதை ஆராய்ந்து, தாங்கள் கண்டவற்றிலேயே மிக நுட்பமான ஆயுதங்களில் ஒன்று என்று எழுதியது.

இந்த ஆயுதத்தைச் செய்தது யார்? இஸ்ரேலில் இருக்கும் என்எஸ்ஓ குரூப் என்ற கம்பெனி. அதன் சரக்குக்குப் பெகாசஸ் என்று பெயர். ஆப்பிள் கம்பெனி ஓட்டையை அடைத்தது 2021 செப்டம்பர் 13ந் தேதி. ஆனால் பிப்ரவரி மாதத்திலிருந்தே அந்த ஆயுதம் வேலை செய்துகொண்டிருந்தது. ஏழு மாத காலம் யார் மேல் வேலை செய்தது? பஹ்ரைன் நாட்டில் மன்னராட்சியை எதிர்ப்பவர்கள் ஒன்பது பேரின் போன்கள் பெகாசஸால் பிடிபட்டிருந்ததை அதே சிட்டிசன் லேப் 2021 ஆகஸ்டில் வெளியிட்டது. அவர்களில் மூவர் 'வாத்' என்ற இடதுசாரி ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள். அந்த ஒன்பது பேரில் சிலர் மீது பிரயோகிக்கப்பட்டது இதே ஆயுதம்தான். பயங்கரவாதிகளையும் கொடிய குற்றவாளிகளையும் பிடிக்கவே விற்கிறோம் என்று அந்தக் கம்பெனி சாதிக்கிறது. மக்களுக்காகப் பேசியவர்களை எந்தப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று அது சொல்லட்டும்.

மறுபடியும், மறுபடியும்

ஓர் ஓட்டை அடைபட்டதும் கதை முடிந்துவிடவில்லை. 2023 செப்டம்பரில் ஐபோனின் படம் பிரிக்கும் பகுதியில் இன்னோர் ஓட்டை வெளிப்பட்டது. அதையும் பெகாசஸ்காரர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 7ந் தேதி ஆப்பிள் அதை அடைத்தது. வேர் எங்கே என்று தேடியபோது, வெப்பி என்ற வகைப் படத்தைப் பிரிப்பதற்கு கூகுள் எழுதி உலகத்துக்கெல்லாம் கொடுத்திருந்த மென்பொருளில் போய் நின்றது. அந்த ஒரே மென்பொருள் குரோமிலும் பயர்பாக்ஸிலும் எண்ணற்ற ஆப்களிலும் இருந்தது. ஒரே சாவி பல லட்சம் பூட்டுகளுக்குப் பொருந்துவது போன்ற நிலைமை.

இந்த முறை நம் நாட்டுக்கும் அதில் நேரான சம்பந்தம் இருந்தது. பத்திரிகையாளர் ஆனந்த் மங்களேயின் போனுக்கு 2023 ஆகஸ்டு 23ந் தேதி இவ்வகை ஆயுதம் அனுப்பப்பட்ட தடயத்தை அம்னஸ்டி இண்டர்நேஷனலின் ஆய்வுக்கூடம் கண்டெடுத்து, அந்த வருஷம் டிசம்பரில் வெளியிட்டது. அப்போது அவர், இந்தியாவின் பெரும் தொழில் குழுமம் ஒன்றின் பங்கு விவகாரத்தைப் பற்றிச் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தார். 'தி ஒயர்' பத்திரிகையின் சித்தார்த் வரதராஜனும் அதே காலத்தில் பெகாசஸின் குறிக்கு ஆளானார். 2023 அக்டோபர் 31ந் தேதி, சர்க்கார்களின் ஆதரவு பெற்ற ஆசாமிகள் உங்கள் போனைக் குறிவைத்திருக்கக் கூடும் என்ற எச்சரிக்கை எதிர்க்கட்சித் தலைவர்கள் பலருக்கு ஆப்பிளிடமிருந்து வந்தது. மறைந்த தோழர் சீத்தாராம் யெச்சூரியும் அவர்களில் ஒருவர். எந்த சர்க்கார் என்று ஆப்பிள் சொல்லவில்லை. எச்சரிக்கை வந்ததாலேயே போன் பிடிபட்டுவிட்டது என்றும் ஆகாது. ஆனால் யாருக்கு எச்சரிக்கை வந்தது என்பதைக் கவனித்தால் போதும்.

ஐபோன் இல்லாதவர்கள் தப்பினார்களா? இல்லை. சாம்சங் போன்களில் படம் பிரிக்கும் பகுதியிலிருந்த ஓட்டை வழியாக 'லேண்ட்பால்' என்ற ஒற்று மென்பொருள் நுழைந்ததை பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 2025 நவம்பரில் வெளியிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வரும் சாதாரணப் படத்தைப் போன்ற பெயர்களோடு அந்தப் பைல்கள் இருந்தன. 2024 ஜூலையிலிருந்தே அது உலவியிருக்கிறது. சாம்சங் அந்த ஓட்டையை அடைத்தது 2025 ஏப்ரலில். குறிவைக்கப்பட்டவர்கள் ஈராக், ஈரான், துருக்கி, மொராக்கோ ஆகிய நாடுகளில் இருந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

ஓட்டையும் ஒரு சரக்கு

மனிதன் எழுதும் மென்பொருளில் தவறு நேர்வது இயற்கை. அதில் குற்றம் கண்டுபிடிப்பது நமது நோக்கமல்ல. தவறு தெரிந்த பிறகு அது என்ன ஆகிறது என்பதே கேள்வி.

ஆலையில் பாய்லர் குழாயில் விரிசலைக் கண்ட தொழிலாளி உடனே கூவி மற்றவர்களை எச்சரிப்பான். அது மனித இயல்பு. முதலாளித்துவச் சந்தையில் விரிசலும் விலைக்குப் போகிறது. ஆண்ட்ராய்டு போனுக்குள் சொந்தக்காரர் கை படாமலே புக வழி காட்டுகிறவர்களுக்கு 25 லட்சம் டாலர் வரை கொடுப்பதாக ஜெரோடியம் என்ற தரகுக் கம்பெனி 2019 செப்டம்பரில் பகிரங்கமாக விலைப்பட்டியல் போட்டது. அன்றைய மதிப்பில் 17 கோடி ரூபாய்க்கு மேல்! ஐபோனுக்கு 20 லட்சம் டாலர். இந்த வியாபாரத்தில் ஓட்டை அடைபடாமல் இருக்கும் வரைதான் அதற்கு விலை. அடைத்துவிட்டால் சரக்கு மக்கிவிடும். ஆகவே ஓட்டை தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் கூலி வாங்குகிறான். அவன் மூடிவைக்கும் ஓட்டை ஒரு சர்வாதிகாரியின் எதிரி கையில் மட்டும் இல்லை. உங்கள் கையிலும் எங்கள் கையிலும் இருக்கிறது.

வாங்குகிறவர்கள் யார்? சர்க்கார்கள். அமெரிக்க சர்க்கார் 2021 நவம்பரில் என்எஸ்ஓ கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. ஜனநாயகத்தின் காவலன் என்று கைதட்டினார்கள். ஆனால் அதே அமெரிக்காவின் எஃப்பிஐ போலீஸ் 2019லேயே பெகாசஸை வாங்கிச் சோதித்துப் பார்த்திருந்தது 2022ல் அம்பலமாயிற்று. 2025 அக்டோபரில் அமெரிக்க முதலீட்டாளர்கள் அந்தக் கம்பெனியையே கைப்பற்றிவிட்டார்கள். ஏகாதிபத்தியத்தின் கண்டனம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

நம் நாட்டில் நடந்தது என்ன? பெகாசஸ் விவகாரத்தை விசாரிக்க 2021 அக்டோபர் 27ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு கமிட்டியை நியமித்தது. தேச பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் சர்க்காருக்கு எல்லாம் செல்லுபடியாகாது என்றும் கூறியது. கமிட்டி 29 போன்களைப் பரிசோதித்தது. ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. விசாரணையில் மத்திய சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்பதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே கோர்ட்டில் கூறினார். வாங்கினாயா, வாங்கவில்லையா என்ற எளிய கேள்விக்கு நேரான பதில் சொல்லச் சர்க்கார் மறுத்தது. வாங்காதவனுக்குப் பதில் சொல்ல என்ன தயக்கம் என்று மக்கள் கேட்பது நியாயமே.

அடைப்பு யாருக்குக் கிடைக்கிறது?

"இதெல்லாம் தலைவர்கள், பத்திரிகைக்காரர்கள் சங்கதி. கோடி ரூபாய் ஆயுதத்தை ஒரு கூலித் தொழிலாளி மேல் எவன் வீசப் போகிறான்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. விலையுயர்ந்த ஆயுதத்தை எல்லார் மேலும் வீச மாட்டார்கள்.

மறுபாதியையும் பார்க்க வேண்டும். சங்கத் தலைவரின் போன் பிடிபட்டால் பிடிபடுவது அவர் மட்டுமல்ல. அங்கத்தினர் பட்டியல், ரகசியமாகச் சந்தா கட்டுகிறவர்களின் பெயர், அடுத்த வேலைநிறுத்தத்தின் தேதி எல்லாம் பிடிபடுகின்றன. சங்கம் வைத்ததற்காக வேலை இழந்தவர்களுக்கு இதன் அர்த்தத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. அதோடு, ஓட்டை பகிரங்கமான பிறகு ஆயுதத்தின் விலை விழுந்துவிடுகிறது. 2005ல் டபிள்யூஎம்எஃப் ஓட்டையைச் சில்லறைத் திருடர்கள் பயன்படுத்தியதைப் பார்த்தோம். கோடி ரூபாய்ச் சரக்கு சந்தைக் கடைசியில் காலணா விலைக்கு வரும்போது, யாருடைய போனில் ஓட்டை இன்னும் அடைபடாமல் இருக்கிறதோ அவர்கள்தான் அகப்படுவார்கள்.

யாருடைய போன் அது? இங்கேதான் விஷயம் வர்க்கப் பிரச்னையாகிறது. ஓட்டையை அடைக்கும் மென்பொருள் 'அப்டேட்' என்ற பெயரில் வருகிறது. சாம்சங்கும் கூகுளும் தங்கள் விலையுயர்ந்த புதிய போன்களுக்கு ஏழு வருஷம் அப்டேட் கொடுப்பதாக வாக்களித்தன. ஆனால் மலிவு விலைப் போன்கள் பலவற்றுக்கு இரண்டு மூன்று வருஷத்தோடு அது நின்றுவிடுகிறது. கம்பெனிக்காரன் புதிய மாடலை விற்கப் போய்விடுகிறான். தொழிலாளியோ தவணையில் வாங்கிய போனைக் கண்ணாடி உடைந்த பிறகும் ரப்பர் பாண்டு போட்டு ஓட்டுகிறார். அதன் பிறகு மகளுக்குக் கொடுக்கிறார். முதலாளியின் வீட்டில் பூட்டு மாதந்தோறும் மாற்றப்படுகிறது. தொழிலாளியின் வீட்டில் உடைந்த பூட்டு உடைந்தபடியே தொங்குகிறது. பூட்டு உடைந்திருப்பதுகூட அவருக்குச் சொல்லப்படுவதில்லை.

சொந்தப் பணத்தில் வாங்கிய போனில் சர்க்காரின் ஆஜர் வேலையையும் கூலிக் கணக்கையும் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தப் போன் பத்திரமானதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. வங்கிப் பணம் பறிபோனால் "நீ ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்" என்று தொழிலாளியின் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள். யந்திரத்துக்குக் காப்புத் தகடு போடாத முதலாளி, விரல் இழந்த தொழிலாளியைப் பார்த்து "கவனக் குறைவு" என்று ரிப்போர்ட் எழுதுவது நமக்குப் பழகிய கதை. இதுவும் அந்தக் கதைதான்.

சரிப்படுத்த முடியாததா?

இது விதியல்ல. விஞ்ஞானத்தில் இதற்கு மருந்து இருக்கிறது. இந்த ஓட்டைகளில் பெரும்பாலானவை, ஒதுக்கிய இடத்துக்கு மேல் எழுத அனுமதிக்கும் பழைய நிரல் மொழிகளில் மென்பொருள் எழுதியதால் வந்தவை. தங்களுடைய கடும் ஓட்டைகளில் நூற்றுக்குச் சுமார் 70 இந்த வகை என்று மைக்ரோசாப்ட் 2019லும் கூகுளின் குரோம் பிரிவு 2020லும் கூறின. எண்ணிப் பார்த்துத்தான் இறக்குவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் 'ரஸ்ட்' போன்ற புதிய மொழிகள் வந்துவிட்டன. ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை அத்தகைய மொழிகளில் எழுதத் துவங்கிய பிறகு, 2019ல் நூற்றுக்கு 76 ஆக இருந்த இவ்வகை ஓட்டைகள் 2024ல் 24 ஆகக் குறைந்தன என்று கூகுளே கணக்குக் கொடுத்தது. செய்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பழைய பகுதிகளைத் திருத்தி எழுதச் செலவாகும்; அது புதிய லாபம் தராது. தாமதத்துக்கு முக்கியக் காரணம் அதுவே.

கம்பெனிகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவும் முடியும். புதிய போன் மாடல்களுக்கு, விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய யூனியனில் அமலுக்கு வந்தது. எவ்வளவு காலம் அப்டேட் கிடைக்கும் என்பதைக் கம்பெனிகள் பகிரங்கமாகச் சொல்லியாக வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் வந்தது. அங்கே விற்கும் கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. ஐரோப்பியருக்குச் செய்ய முடிந்ததை இந்தியத் தொழிலாளிக்கு ஏன் செய்ய முடியாது?

ஆகவே நாம் கோருகிறோம்:

1. எந்த விலைப் போனாக இருந்தாலும், அந்த மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருஷம் பாதுகாப்பு அப்டேட் இலவசமாகக் கொடுக்கக் கம்பெனிகளைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அது முடியும் தேதியைப் பெட்டியின் மேல் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் அச்சிட வேண்டும்.

2. ஆஜருக்கும் கூலிக்கும் ரேஷனுக்கும் செல்போன் வேண்டும் என்று சொல்லும் சர்க்காரும் நிர்வாகமும் பத்திரமான போனைத் தாமே கொடுக்க வேண்டும். போன் கெட்டது, அப்டேட் இல்லை என்ற காரணத்தால் ஒரு நாள் கூலிகூடப் போகக் கூடாது.

3. சர்க்கார் இலாகா எதுவும் ஓட்டைகளை விலைக்கு வாங்கிப் பதுக்கக் கூடாது. கண்ட ஓட்டையை உடனே தயாரிப்பாளருக்குத் தெரிவித்து அடைக்கச் செய்ய வேண்டும்.

4. பெகாசஸ் வாங்கப்பட்டதா என்பதைப் பார்லிமெண்டில் சொல்ல வேண்டும். சுப்ரீம் கோர்ட் கமிட்டியின் அறிக்கையை மக்கள் முன் வைக்க வேண்டும்.

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். போனில் அப்டேட் வந்தால் தள்ளிப் போடாமல் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதியை செட்டிங்ஸ் பகுதியில் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அந்தப் போனில் அங்கத்தினர் பட்டியலையும் வங்கி வேலையையும் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்தி வையுங்கள். அது முழுப் பாதுகாப்பல்ல; ஆனாலும் ஒரு தாழ்ப்பாள். ஐபோன் வைத்திருக்கும் சங்கப் பொறுப்பாளர்கள் 'லாக்டவுன் மோட்' என்ற ஏற்பாட்டைப் போட்டுக்கொள்ளலாம். 2023ல் பிடிபட்ட ஆயுதத்தை அது தடுத்திருக்கும் என்று சிட்டிசன் லேப் கூறியது. ஒவ்வொரு கிளையிலும் இதைத் தெரிந்த ஓர் இளம் தோழர், மாதம் ஒரு நாள் மற்றவர்களின் போன்களைப் பார்த்துக் கொடுப்பது எளிய காரியம்.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்ல. நூல் நூற்கும் யந்திரமும் பேசும் யந்திரமும் மனித உழைப்பின் சிருஷ்டிகள். அவை மனிதனுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பதே நமது கட்சி. படத்தில் ஒளிந்து வரும் ஒற்றனை விஞ்ஞானம் பிடித்துக் கொடுத்துவிட்டது. அவனை அனுப்புகிறவர்களையும், தெரிந்தே கதவைத் திறந்து போட்டிருப்பவர்களையும் மக்கள் முன் நிறுத்தும் வேலை நம்முடையது. ஆலை வாசல் கூட்டங்களிலும் கிராமக் கிளைக் கூட்டங்களிலும் இக்கோரிக்கைகளை விளக்கித் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பும்படி சங்கங்களையும் வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.